பதின்மூன்றாவது மந்திரியின் ராசி

நெடுங்கரை என்று ஒரு நாடு இருந்தது, ரொம்ப காலத்துக்கு முந்தி. அதை ஆண்டவர் மருதவேந்தன். காலையில் ஒரு புதுச் சட்டம் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடே இறங்காது.

ஒருநாள் சபையில் இரண்டு சிம்ம ராசி மந்திரிகள் ஒரு பலாச்சுளைக்காக மல்லுக்கு நின்றார்கள். ராஜா இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதி பதின்மூன்று பேரையும் பார்த்துக் கர்ஜித்தார்.

"இனி ஒரு ராசிக்கு ஒரு மந்திரிதான்! இருவருக்கு ஒரே ராசி என்று தெரிந்தால் இருவருக்கும் பதவி போச்சு!"

விசாரிக்கும் பொறுப்பு தலைமை மந்திரி காங்கேயராயருக்கு. அவரும் அந்தப் பதின்மூன்றில் ஒருவர்தான். பதவி பயத்தில் ஆளாளுக்கு ஒரு ராசி சொன்னார்கள். ஒருவர் தாம் இரண்டு தடவை பிறந்ததாகவே சாதித்தார். ராயர் எல்லாவற்றையும் ஓலையில் ஏற்றி, "பதின்மூன்று பேருக்கும் வேறு வேறு ராசி, அரசே!" என்று நீட்டினார்.

சபையில் ஓலை வாசிப்பவள் நப்பின்னை. ராஜா அடிக்கடி அவளை யோசனை கேட்பதால் ராயருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவள் முதல் வரியைப் படித்ததும் ஓலையை மூடினாள்.

"அரசே, இது பொய்."

"யாருடைய ஜாதகத்தைப் பார்த்தாய்?"

"ஒருவருடையதும் பார்க்கவில்லை."

ராயர் துள்ளினார். "பார்க்காமலே பொய்யாம்! நிரூபிக்கட்டும். இல்லையென்றால் யானைக் கொட்டிலில் சாணி அள்ளட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

நப்பின்னை கோலமாவு வாங்கி, தரையில் பெரிதாக ராசிக்கட்டம் போட்டாள்.

"ராயர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கட்டத்துக்கு ஒருவர்தான். அவரவர் ராசியில் போய் நில்லுங்கள்."

பன்னிரண்டு பேர் முட்டி மோதி, காலியாகக் கிடைத்த கட்டத்தில் ஏறிக்கொண்டார்கள். கனத்த தொப்பையோடு நிதானமாக வந்த ராயருக்கு இடமில்லை.

"உமக்கு எந்த ராசி?" என்றார் ராஜா.

ராயர் திருதிருவென்று விழித்தார். "தே... தேங்காய் ராசி, அரசே."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது.

"சரி நப்பின்னை, ஒரே ராசிக்காரர் யார் யார்?"

"அது எனக்குத் தெரியாது. ராசி பன்னிரண்டு, ஆள் பதின்மூன்று. எப்படி நிறுத்தினாலும் ஏதோ ஒரு கட்டத்தில் இருவர் நின்றே ஆகவேண்டும். யார் என்று தெரியாமலே இது உறுதி."

"பொய் ஓலை தந்த ராயர்தான் கொட்டிலுக்குப் போகவேண்டும். அவர் பதவி இனி உனக்கு!"

நப்பின்னை வணங்கினாள். பிறகு தயங்கினாள்.

"அரசே, இப்போது நாங்கள் எத்தனை பேர்?"

ராஜா விரல் விட்டு எண்ணினார். கட்டத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பெருமூச்சு விட்டபடி, அந்த ராசிச் சட்டம் எழுதிய ஓலையை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டார்.