விரல் அளவு தண்ணீர்

“தரை எத்தனை நாள்ல காயும், அம்மிணி?”

“காயவே கூடாதுங்ணா,” என்றாள் துளசிமணி.

சென்னியப்பனுக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. நேராகக் கேட்ட கேள்விக்குக் கோணலாகப் பதில் சொல்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக லேத்தில் இரும்பு கடைந்தவர். துளசிமணிக்கு நாற்பது. மெஷின் நிற்க வேண்டிய தரை என்றால் கணபதி வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கான்கிரீட்டில் அவளுக்குத் தெரியாதது இல்லை. வாயைத் திறந்து சொல்வதுதான் குறைவு.

தரை போட ஆள் கேட்டு அவர் வரவில்லை. தரை போடக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

“வீட்டுக்குப் பின்னாடி பத்தடிக்குப் பதினாலு அடியில தகர ஷெட்டு நிக்குது. தரைய என் கையாலதான் போடுவேன். நீ சொல்லிக் குடுத்தாப் போதும்.”

“எதுக்குங்ணா உங்க கையால?”

அவர் காரணத்தைக் கொட்டித் தீர்த்தார்.

தம்பி நாச்சிமுத்துவும் அவரும் ஒன்றாக ஒர்க்‌ஷாப் நடத்தினார்கள். போன மாதம் ஒருநாள், வேலையாட்கள் ஆறு பேரும் நிற்கும்போது, தம்பி வாய் கூசாமல் சொன்னான்: “அண்ணனுக்குக் கை நடுங்குது. இனிமே அவரை மெஷின்ல கை வைக்க விடாதீங்க.” ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சென்னியப்பன் அன்றைக்கே பாகம் பிரிக்கச் சொன்னார். தன் பங்குக்கு ஓர் ஆறடி லேத் போதும் என்றார். ஆயுத பூஜை அன்று அதைத் தன் ஷெட்டில் ஓட்ட வேண்டும். இரும்புத் தண்டில் ஒரு ஷாஃப்ட் கடைந்து, அதைக் கொண்டுபோய்த் தம்பியின் மேஜையில் வீச வேண்டும். ‘அளந்து பாத்துக்கடா’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

“இந்தக் கையா நடுங்குது?” என்று அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார்.

அவள் கையைப் பார்க்கவில்லை.

“பூஜை எப்பங்க?”

“இன்னும் பன்னண்டு நாள் இருக்குது.”

“லேத்து ஏத்தறதுக்கு இருபத்தெட்டு நாள் ஆகோணுமுங்க.”

“எட்டு நாள்ல முடிச்சுக் குடு.”

“முடிக்கறது நானில்லீங்களே.”

“பின்ன யாரு?”

அவள் கையிலிருந்த சாந்துச் சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சென்னியப்பன் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். ஆனால் மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் நின்றார். மனைவி, டாக்டர், ஜோசியர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கோபத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். இவள் மட்டும்தான் அதைச் சொல்லவில்லை.

அவள் சொல்லிக் கொடுத்தபடி ஷெட்டு மண்ணை இடித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி இடிக்க ஒரு நாள் போயிற்று.

அடுத்த நாள் கலவை. ஒரு சட்டி சிமெண்ட், இரண்டு சட்டி மணல், நாலு சட்டி ஜல்லி. மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி அவருக்கு இடுப்பு விட்டுப்போனது.

“கட்டியா இருக்குது. வளைஞ்சே குடுக்க மாட்டேங்குது. இன்னும் ரெண்டு குடம் ஊத்து.”

துளசிமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.

“ஏம்மா, நான் எங்க ஊத்தச் சொன்னேன், நீ எங்க ஊத்தறே?”

“சுலபமா வேணுமுன்னா அங்க ஊத்தலாமுங்க. கெட்டியா வேணுமுன்னா இங்க ஊத்தோணும்.”

அவர் மண்வெட்டியை வீசி எறிந்தார். அது கலவைக்குள்ளேயே போய் விழுந்தது.

“எடுங்ணா,” என்றாள். “இறுகிட்டா அப்புறம் அது உங்களுக்கில்லை.”

எடுத்தார். வேறு வழியில்லை. தம்பியை நினைத்து வெட்டினார், ஆறு பேரின் குனிந்த தலைகளை நினைத்துக் கொட்டினார், மட்டப்பலகையைப் பிடித்து இழுத்தார். கோபத்தில் ஒரு நல்லது உண்டு, அது சளைக்காமல் வேலை செய்யும். சாயங்காலத்துக்குள் பத்துக்குப் பதினாலும் நிரம்பிவிட்டது.

மறுநாள் காலை துளசிமணி வந்தாள்.

“செருப்பைக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க.”

நின்றார். உடனே காலை எடுத்தார்.

“சுடுதே!”

“வெயில் இன்னும் வரலைங்களே.”

“பின்ன எப்படிச் சுடுது?”

“உள்ள இறுகற வேலை நடக்குதுங்க.”

களிமண்ணைப் பிசைந்து தரையின் நாலு ஓரத்திலும் வரப்புக் கட்டினாள். உள்ளே தண்ணீர் விட்டு நிரப்பினாள். வயலுக்குப் பாய்ச்சிய மாதிரி தரை முழுக்கத் தண்ணீர் நின்றது.

“ஒரு விரக்கட்டை அளவு நிக்கோணும். காலையிலும் சாயங்காலமும் குனிஞ்சு, விரலை விட்டு அளந்து பாத்து ஊத்துங்க.”

“இறுகணும்னா காயத்தானே வேணும்? இதென்ன குளம் வெட்டி வச்சிருக்கறே?”

“காஞ்சுபோச்சுன்னா இறுகறது நின்னுபோயிருமுங்ணா.”

அவருக்கு இது பிடிபடவில்லை. பிடிபடாததால் கோபம் வந்தது. முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவருக்குச் சிமெண்ட் பாடம் சொல்கிறது என்றால் வராதா?

இருந்தாலும் தண்ணீர் விட்டார். வாசற்படியில் நின்றபடி ஹோஸைப் பிடித்து, தரையைத் திட்டுகிற மாதிரி பீய்ச்சுவார். குனிய மாட்டார். அளக்கவும் மாட்டார். தளும்பினால் போதும், குழாயை மூடிவிடுவார்.

பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு சேதி வந்தது. ஒர்க்‌ஷாப்பில் அவர் நின்ற இடத்தில் நாச்சிமுத்து இருபத்தாறு வயதுப் பையன் ஒருவனை வேலைக்குப் போட்டிருக்கிறான்.

சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தார். கிரேன்காரருக்குப் போன் போட்டார்.

“இப்பவே போ. என் பங்கு லேத்தை எடுத்துக்கிட்டு நேரா இங்க வா.”

பிறகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அங்கே துளசிமணி நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள்.

“வரப்பை ஒடைக்கப் போறேன். தடுக்காதே.”

“தடுக்கலைங்க.”

“தண்ணியத் தள்ளிட்டு இன்னிக்கே லேத்தை எறக்கறேன். வெடிச்சா வெடிக்கட்டும்!”

“சரிங்ணா.”

இது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. மறித்திருந்தால் சண்டை போட ஓர் ஆளாவது கிடைத்திருக்கும்.

“ஒண்ணே ஒண்ணு,” என்றாள் துளசிமணி. “எவ்வளவு நிக்குதுன்னு விரலை விட்டுப் பாத்துட்டு ஒடைங்க.”

“வெளியே போற தண்ணிக்கு எதுக்கு அளவு?”

“இத்தனை நாளா நீங்க ஒரு தடவைகூட அளக்கலைங்க.”

“அளக்கலைன்னு நீ கண்டியா?”

“வரப்புல முட்டி போட்ட தடமே இல்லைங்களே.”

கடப்பாரையைக் கீழே போட்டார். வீம்புக்கு முட்டி போட்டார். வலது கை ஆள்காட்டி விரலைத் தண்ணீருக்குள் விட்டார்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. கூரைத் தகரத்தின் ஒவ்வொரு வரியும் அதில் தெரிந்தது.

விரலைச் சுற்றி ஒரு வட்டம் எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒன்றன்பின் ஒன்றாக ஓடி நாலு வரப்பிலும் மோதித் திரும்பின. தகரத்தின் வரிகள் எல்லாம் நெளிந்தன.

“காத்து,” என்றார்.

துளசிமணி கதவைச் சாத்தினாள்.

வட்டங்கள் நிற்கவில்லை.

விரலை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அடங்கியது. தகரத்தின் வரிகள் நேராயின. மறுபடி வைத்தார். மறுபடி வட்டங்கள். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வட்டங்கள் முன்னைவிட வேகமாக ஓடின.

“கோவத்துல நடுங்குது,” என்றார். “கோவம் வந்தா எவனுக்கும் நடுங்கும்.”

“அப்பக் கோவம் போற வரைக்கும் வச்சிருங்க.”

அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

சென்னியப்பன் விரலை எடுக்கவில்லை. தம்பியை மனசுக்குள் ஒரு சுற்று திட்டி முடித்தார். அந்த இருபத்தாறு வயதுப் பையனைத் திட்டினார். துளசிமணியையும் விடவில்லை. திட்ட ஆள் தீர்ந்துபோயிற்று. முட்டி வலித்தது. தரையின் சூடு தணிந்து தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது அப்போதுதான் விரலுக்குத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்.

“இப்பக் கோவம் இருக்குதுங்களா?”

அவர் தனக்குள் தேடிப் பார்த்தார்.

“இல்லை.”

இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். வட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த வருடம் அளவு தப்பித் திரும்பி வந்த ஷாஃப்ட்டுகள் அவர் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு தடவையும் வெட்டும் டூல் சரியில்லை என்றார், இரும்பு சரியில்லை என்றார், அளந்தவனுக்குக் கண் தெரியவில்லை என்றார். அவமானத்தில் காது மடல் சுட்டது. அழுகை வந்தது. இத்தனை வயதில் ஒரு பெண்பிள்ளை முன்னால் அழுவதா என்று அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“நான் லேத்தைத் தொடக் கூடாதா அம்மிணி?”

துளசிமணி எழுந்தாள். ஹோஸை எடுத்துவந்து, குறைந்திருந்த மூலையில் தண்ணீர் விட ஆரம்பித்தாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. கிரேன்காரர்.

“அண்ணா, லேத்த ஏத்தியாச்சுங்க. கெளம்பட்டுங்களா?”

“எறக்கு.”

“என்னங்ணா?”

“எறக்குய்யா! என் தம்பி பக்கத்துல நிக்கறானா?”

“நிக்கறாருங்க.”

“போனை அவங்கிட்டக் குடு.”

போன் கை மாறியது. நாச்சிமுத்து மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதைக் கேட்டதும், போய்விட்டது என்று நினைத்த கோபம் முழுசாகத் திரும்பி வந்தது. சென்னியப்பன் ஷெட் அதிரக் கத்தினார்.

“நடுங்குதுடா! கை நடுங்கறது நெசந்தான்! ஆறு பேர் முன்னாடி சொன்னியே, அதைத் தனியா எங்கிட்ட வந்து சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு?”

அந்தப் பக்கம் கிரேன் சங்கிலி ஒருமுறை உராய்ந்து நின்றது.

“பயமா இருந்துச்சுங்ணா,” என்றான் தம்பி.