எறும்பு மொய்ச்ச பெருச்சாளி

குளத்தங்கரைக் கரும்புக்காட்டுல சிங்காரம்னு ஒரு பெருச்சாளி இருந்தான். நல்ல எளவட்டம். வேலை என்ன? கரும்பைக் கடிக்கிறது, தூங்குறது, எந்திரிச்சு மறுபடி கடிக்கிறது!

மழைக்காலம் வந்தா அவன் வளைவாசல் இடுப்பைப் பிடிக்கும். "மழையில மண்ணு ஊதிப்போச்சு!"ன்னு சொல்லி, வாசலை இன்னுங் கொஞ்சம் தோண்டி அகலமாக்குவான். இப்படியே நாலு மழை. நாலு தடவையும் மண்ணு மேலதான் பழி. வயித்து மேல ஒரு வார்த்தை கிடையாது!

குளத்துத் தவளை கேட்டுச்சு: "ஏம்ப்பா, எந்நேரமும் குளத்துலயே வாயை வச்சிருக்க! எனக்கு நீந்தக் கொஞ்சம் மிச்சம் வைப்பியா?"

"தாகமா இருக்கு, குடிக்கிறேன். உனக்கென்ன?"

"குடிச்சதெல்லாம் புதர்ல போய் ஊத்திட்டு வர்றியே! கால்ல புண்ணு வேற ஒரு மாசமா ஆறல. உடம்பைப் பாருப்பா!"

"போ போ! கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு எனக்கு!"

அந்தப் புதர்லதான் கூத்து. சிங்காரம் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்புக வரிசை கட்டி நிக்கும். "பாத்தியா தவளை! என்னைத் தேடி எம்புட்டுக் கூட்டம்!"னு அவனுக்கு ஒரே பெருமை.

எறும்புத் தலைவி செல்லாயிக்கு விசயம் தெரியும். மூத்திரம் இனிக்குது! ஆனா சொல்லுவாளா? "சின்னய்யா, ரொம்ப எளைச்சுட்டீக! இன்னும் ரெண்டு கணு கடிங்க!"ன்னு கொஞ்சுவா.

ஒருநா நரி வந்துச்சு. முன்னெல்லாம் அந்த வளைக்குள்ள அதோட மூக்குகூட நுழையாது. இப்பத் தலையே நுழைஞ்சிருச்சு! "அடடே, எனக்காகவா வாசலை அகலம் பண்ணி வச்ச?"

சிங்காரம் அலறியடிச்சுப் பின்வாசலுக்கு ஓடினான். அது அவன் ஒல்லியா இருந்தப்போ தோண்டுன வாசல். தலை வெளிய வந்துச்சு. வயிறு வரல!

"ஐயோ செல்லாயி! காப்பாத்து!"

"அடியே, ஓடுங்கடி!"ன்னு செல்லாயி கத்துனா. எறும்புப் படை முன்வாசலுக்குப் பாய்ஞ்சு, நரி மூக்கு, காது, கண்ணு ரப்பைன்னு எடம் விடாமக் கடிச்சு வச்சிருச்சு. நரி ஊளையிட்டுக்கிட்டே காட்டைத் தாண்டி ஓடிப்போச்சு.

சிங்காரத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. "எம்மேல எம்புட்டுப் பாசம் தாயி!"

"பாசமா? போய்யா! நாங்க காப்பாத்துனது எங்க சக்கரைப் பானையை!"

பதட்டத்துல உண்மை வெளிய வந்திருச்சு. தவளை விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. சிங்காரத்துக்குச் சிரிப்பு வரல. பாதி உள்ள, பாதி வெளிய மாட்டிக்கிட்டே முழிச்சான். அப்புறம் மெதுவாப் பின்னால நகந்து, முன்வாசல் வழியா வந்தான்.

மறுநாள்லேருந்து கரும்பைத் தொடல. நத்தையும் கோரைக்கிழங்குந்தான் சாப்பாடு. தெனமும் குளத்தைச் சுத்தி ஓட்டம்.

"நாக்கு தள்ளுது தவளை!"

"தள்ளட்டும், ஓடு!"

உடனே எளைச்சிருவானா? ஏற நாலு மழை ஆச்சே! கொஞ்சங் கொஞ்சமா வயிறு வத்துச்சு. தாகம் அடங்குச்சு. கால் புண்ணும் காஞ்சுச்சு.

அடுத்த மழை முடிஞ்ச ஒரு காலையில, செல்லாயி புதர்ல நக்கிப் பாத்தா. மூஞ்சி கோணிப்போச்சு.

"த்தூ! வெறும் மூத்திரம்! கெளம்புங்கடி!"

எளவயசுல வருசா வருசம் ஏறுற எடையைக் கண்டுக்காம விட்டா ரத்தத்துல சக்கரையும் கூடவே ஏறும், அப்பவே எறக்குனவன் பொழைச்சான்.