சாரைப்பாம்பு வாங்கிய செருப்பு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சிவன் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற தனபாக்கியம். என் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆன வருஷம், ஐப்பசிப் பிரதோஷத்தன்று நல்ல மழை. வீட்டுக்குப் போக முடியாமல் இருவரும் நந்தி மண்டபத்தில் ஒதுங்கி நின்றோம். அப்போது சொன்னாள். நான் ஒன்றும் கூட்டவில்லை, பிள்ளைகளே. கேளுங்கள்.

ஒரு காட்டில், ஓடைக்கரை இலுப்பை மரத்துப் பொந்தில், ஓர் அணில் கடை வைத்திருந்தது. சின்னக் கடைதான். பயறு, கொட்டை, மிளகு, சுக்கு, காய்ந்த நெல்லிக்காய், இவ்வளவுதான் சரக்கு. அந்தக் காட்டில் காசு கிடையாது. முயல் ஒரு கட்டு அருகம்புல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரு படி பயறு வாங்கிக்கொண்டு போகும்.

அந்தக் கடைக்கு இரண்டு வழக்கம் உண்டு. எது வாங்கினாலும் அணில் ஒரு சிட்டிகை கொசுறு போடும். இன்னொன்று, ஆளை நன்றாகப் பார்த்த பிறகுதான் சாமானில் கை வைக்கும்.

"அணிலக்கா, ஒரு பிடி மிளகு கொடு" என்று முயல் கேட்கும்.

"வாயைத் திற."

முயல் வாயைத் திறக்கும்.

"நாக்கெல்லாம் புண். உனக்கு இன்றைக்கு மிளகு வேண்டாம். நெல்லிக்காயை ஊறவைத்துக் குடி."

"உனக்கு வியாபாரமே தெரியவில்லை, அக்கா" என்று முனகிக்கொண்டே முயல் நெல்லிக்காயை வாங்கிப் போகும்.

இப்படி இருக்கையில் ஒரு கழுதைப்புலி அந்தக் காட்டுக்கு வந்தது. அதற்கு ஏற்கெனவே ஆறு காடுகளில் கடை. இது ஏழாவது. மலையடிவாரத்துக் குகையில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் தன் படுக்கையும் வைத்துக்கொண்டது. எப்போதும் அதற்குச் சிரித்த முகம். உள்ளே ஒரு கிளியை உட்கார வைத்தது. அந்தக் கிளிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

"வாங்க, வாங்க. இங்கே இல்லை என்ற பேச்சே இல்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்."

அணில் ஒரு கட்டுப் புல்லுக்குக் கொடுத்த பயற்றை, கழுதைப்புலி ஒரே ஒரு புல்லுக்குக் கொடுத்தது. காடே அங்கே திரண்டது.

முதலில் போனது சாரைப்பாம்பு. பேச்சுக்கு ஒரு கேள்வி கேட்போமே என்று, "செருப்பு இருக்கிறதா?" என்றது.

"எத்தனை ஜோடி வேண்டும்?" என்றது கழுதைப்புலி.

சாரைப்பாம்பு இரண்டு ஜோடியோடு வீடு திரும்பியது. செருப்பை வாயில் கவ்விக்கொண்டு போனதால், வழியில் "இது எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆமை ஒரு வீடு வாங்கியது. இன்னொரு வீடு இலவசமாகக் கிடைத்தது. ஓடை மீன்கள் ஆளுக்கொரு குடை வாங்கின. முயல் எட்டுக் குடமும், பன்னிரண்டு மிதியடியும், ஒரு யானை உட்காரும் முக்காலியும் வாங்கித் தன் வளைக்குள் அடைத்தது.

இலுப்பை மரத்தடிக்கு ஒருவரும் வரவில்லை. விற்காத பயறு பொந்துக்குள்ளேயே முளைவிட்டது. முளை கொடியாகிக் கடை வாசலை மறைத்தது. கொட்டைகள் உளுத்துப்போயின.

"முதல் மழைவரை பார்ப்பேன். அதற்குள் ஒருவரும் வராவிட்டால் கடையை மூடிவிட்டு வேறு காட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று அணில் முடிவு செய்தது. பிறகு இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, "சாமி, ஒரே ஓர் ஆளை அனுப்பு. கொசுறு போட்டு நாளாகிறது. கைக்குப் பழக்கம் விட்டுப்போய்விடும்" என்று வேண்டிக்கொண்டது.

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அணில் மூட்டையைக் கட்டி முடிச்சுப் போடும்போது, நான்கு குட்டிகளோடு முயல் ஓடிவந்தது.

"அக்கா, குட்டிகள் நனைகின்றன. வளைக்குள் போக இடமில்லை."

"வளையில் யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை. சாமான்தான்."

"சாமானை எடுத்து வெளியே போடு."

"எல்லாம் புதிது, அக்கா. மனசு வரவில்லை."

"வாங்கிய இடத்தில் சொன்னாயா?"

"சொன்னேன். இன்னும் இரண்டு குடம் எடுத்தால் ஒரு குடை இலவசம் என்கிறார்."

குட்டிகளுக்குப் பல் கிட்டியது. அணில் அவற்றைப் பார்த்தது. கட்டிய மூட்டையை அவிழ்த்தது.

"சரி. உன் வளையிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்து கொடு. நான் ஒரு சிட்டிகை முளைப்பயறு தருகிறேன்."

முயலின் காது இரண்டும் நட்டுக்கொண்டன. "இலவசமாகவா?"

"இலவசமாகத்தான்."

அந்த ஒரு சொல் மழையிலும் காடு முழுக்கக் கேட்டது. முயல் வளைக்கும் மரத்துக்குமாக ஓடியது. உச்சிப்பொழுதுக்குள் வளை காலி. குட்டிகள் உள்ளே போய்ச் சுருண்டு படுத்தன. அதற்குள் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள்.

சாரைப்பாம்பு நான்கு செருப்பையும் இறக்கி வைத்தது. "நல்ல செருப்புதான். எனக்குத்தான் கொஞ்சம் பெரிது" என்றது.

இரண்டு வீடுகளையும் இழுத்துக்கொண்டு ஆமை வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

இலுப்பையின் முதல் கிளைவரை சாமான் குவிந்தது. கழுதைப்புலிக்கு ஒரு குணம். தன் கடையைத் தவிர வேறு எங்கே கூட்டம் கூடினாலும் அதற்கு வயிறு எரியும். விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தது.

"இவ்வளவு சரக்கு என் கடையில்கூட இல்லையே. அத்தனையும் எனக்கு வேண்டும்."

அணில் தன் வழக்கப்படி அதை ஏற இறங்கப் பார்த்தது. "உங்களுக்கு இது வேண்டாம், ஐயா. உங்கள் குகை கொள்ளாது."

கழுதைப்புலியிடம் யாரும் அதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை. "எனக்கா வேண்டாம் என்கிறாய்? என் கடையில் இருக்கிற பயறு, கொட்டை, தானியம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள். இதைக் கொடு."

"வேண்டாம், ஐயா. சொன்னால் கேளுங்கள்."

"ஏழு கடைக்காரன் நான். எனக்கு நீ புத்தி சொல்கிறாயா?"

"மூன்றாவது தடவையும் சொல்கிறேன். வேண்டாம்."

"கொடு என்றால் கொடு."

அணில் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தது. குகையிலிருந்த தானியமெல்லாம் இலுப்பை மரத்தடிக்கு வந்தது. இலுப்பை மரத்தடியில் கிடந்ததெல்லாம் குகைக்குப் போனது. குடம் போனது, மிதியடி போனது, முக்காலி போனது. கடைசியில் ஆமையின் இரண்டாவது வீட்டைத் தள்ளியபோது அது குகை வாசலில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

கழுதைப்புலி வெளியே நின்றது. இன்னும் சிரித்த முகம்தான். சாமானுக்கு நடுவிலிருந்து கிளி கூப்பிட்டது:

"வாங்க, வாங்க. இங்கே இல்லை என்ற பேச்சே இல்லை."

மழை வலுத்தது. சொட்டச் சொட்ட நனைந்த கழுதைப்புலி இலுப்பை மரத்தடிக்கு வந்தது.

"ஒரு குடை கிடைக்குமா?"

"குடையெல்லாம் உங்கள் கடையில் இருக்கிறது, ஐயா. வாயைத் திறங்கள்."

கழுதைப்புலி வாயைத் திறந்தது. திறந்த வேகத்தில் மூன்று தும்மல் போட்டது.

"இந்தாருங்கள், சுக்கு. வெந்நீரில் தட்டிப் போட்டுக் குடியுங்கள்."

"கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையே."

"கொசுறு, ஐயா. வைத்துக்கொள்ளுங்கள்."

பின்னால் வரிசையில் நின்ற முயல் கழுத்தை நீட்டியது. "அக்கா, எனக்கு ஒரு பிடி மிளகு."

"முதலில் நீயும் வாயைத் திற" என்றது அணில்.

நீதி: கேட்டதையெல்லாம் கொடுக்கிற கடைக்கு நம் கை மட்டுமே தெரியும், நம் முகம் தெரிந்த கடையை நாம்தான் வாழவைக்க வேண்டும்.

நாளைக்குக் கறிவேப்பிலை வாங்க வேண்டியிருந்தால், உங்கள் தெருமுனைக் கடையில் வாங்குங்கள். வாங்கிவிட்டு, அந்தக் கடைக்கார அம்மா சாப்பிட்டாளா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.