மூன்று ஒற்றைக்கண் பொம்மைகள்

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. ஜப்பானிய மொழிக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அது எல்லோரையும் ஒரே மாதிரிதான் படுத்தும்.

குரு ஃபர்ஹானா, வாலாஜாபாத்தில் ஒரு பேக்கரி மாடியில் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறாள். ஜப்பானில் ஆசிரியரை 'சென்செய்' என்பார்கள். இங்கும் அவள் எல்லோருக்கும் சென்செய்தான். சீடர் தையல்நாயகி மாவு மில் வைத்திருப்பவர்.

ஆண்டின் முதல் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அதுவும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். கண் வரையாத சிவப்பு உருண்டைப் பொம்மையைக் கையில் எடுத்து, அந்த வருட இலக்கைச் சொல்லி, ஒரு கண்ணை வரைய வேண்டும். இலக்கு நிறைவேறினால் மறு கண். அலமாரியில் தையல்நாயகியின் பொம்மைகள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் ஒற்றைக்கண்.

முதல் வருடம் இரண்டாயிரம் ஜப்பானியச் சித்திர எழுத்துகளைக் கற்பது என்றார். அடுத்த வருடம் பெரிய பரீட்சை. போன வருடம், ஜப்பான் செய்தியை யார் உதவியும் இல்லாமல் கேட்பது. ஒவ்வொரு வருடமும் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். பொங்கல் முடிந்ததும் மில்லில் கூட்டம் சேர்ந்துவிடும், படிப்பு நின்றுவிடும்.

"இந்த வருஷம் மூணையும் சேர்த்து முடிச்சிடறேன் சென்செய். சித்திரைக்குள்ள."

"மூணு வருஷத்துல முடியாதது மூணு மாசத்துலயா? என்ன அவசரம்மா?"

அவசரம் இருந்தது. மகள் கயல் நகோயாவில் ஒரு ஜப்பானியரைக் கல்யாணம் செய்துகொண்டு ஐந்து வருடமாகிறது. சித்திரையில் பிரசவம். படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டுவிட்டுத் தையல்நாயகியால் எங்கும் நகர முடியாது. பிரசவ அறையில் மாமியார் சச்சிகோதான் கூட இருப்பார். ஞாயிறுதோறும் வீடியோ காலில் சம்பந்திகள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். பேச மொழியில்லாமல், கன்னம் வலிக்கிற வரை சிரித்துக்கொள்வார்கள்.

"அவங்ககிட்ட என்ன பேசணும்?" என்றாள் ஃபர்ஹானா.

"எல்லாம்தான்."

"எல்லாம் வேணாம். எதைச் சொல்லாம விட்டா உங்களுக்குத் தூக்கம் வராதோ, அது ஒண்ணைச் சொல்லுங்க."

தையல்நாயகி புடவையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

"எம்பொண்ணு வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல மாட்டா. சிரிப்பா. அந்தப் பழக்கம் எங்கிட்டேருந்துதான் போச்சு. அவ சிரிச்சா நம்பாதீங்க, கையைப் பிடிச்சுக்குங்கன்னு சொல்லணும்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

ஃபர்ஹானா பலகையைச் சுத்தமாகத் துடைத்தாள். அதையே ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு வரியாக எழுதினாள்.

"இதுதான் இலக்கு."

"இவ்வளவுதானா? யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி இருக்கே!"

"கண்ணை வரைங்கம்மா."

நான்காவது பொம்மைக்கும் ஒரு கண் வந்தது.

மில்லில் கோதுமையைக் கொட்டும்போதும் மிளகாயைக் கொட்டும்போதும் தையல்நாயகி அந்த வரியைச் சொன்னார். "என்னக்கா, மிளகாய் அரைக்கவும் மந்திரமா?" என்று கேலி செய்தவர்களிடம், "ஆமா, காரம் கூடும்" என்றார்.

பங்குனியின் கடைசி ஞாயிறு. கயல் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த வரியைச் சச்சிகோவிடம் சொல்லிவிட்டார். சச்சிகோவின் சிரிப்பு நின்றது. ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. பதிலுக்கு ஏதோ மெதுவாகச் சொன்னார். அதற்குள் கயல் வந்துவிட்டாள்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. போனில் கயல் அழுதாள்.

"பதினோரு மணி நேரம்மா. நான் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அத்தை நம்பவே இல்ல. பிடிச்ச கையை விடவே இல்ல. அவங்களுக்கு யாரும்மா சொன்னது?"

மறுநாள் தையல்நாயகி மாடியேறி வந்து மறு கண்ணை வரைந்தார். அது கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

"சென்செய், அன்னைக்கு அவங்க ஏதோ பதில் சொன்னாங்க. பதட்டத்துல எனக்கு ஒண்ணும் ஏறல. சத்தம் மட்டும் ஞாபகத்துல இருக்கு. 'வதாஷி மோ.' அப்படின்னா என்ன?"

"முதல் பாடத்துல இருக்கும்மா. நீங்க மூணு தடவை படிச்ச பாடம்."

தையல்நாயகி அதை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார்.

"நானும்," என்றார்.

ஐந்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும், திரைக்கு அந்தப் பக்கம் விடாமல் சிரித்துக்கொண்டிருந்த அந்த முகமும் நினைவுக்கு வந்தன.

ஃபர்ஹானா அலமாரியிலிருந்து பழைய பொம்மை ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"இது இரண்டாயிரம் எழுத்துன்னு சொல்லி வரைஞ்சது, சென்செய்."

"அது கிடக்கட்டும். இலக்கை மாத்திக்கலாம். அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ல."

"என்னன்னு?"

"'உங்களுக்கு எங்க வலிக்குது?' இதுவும் ஒரு வரிதாம்மா."