வேழமுடியாரும் வண்ண இலைச் செடியும்

ஓர் இலையை அன்போடு இட்டாலும் அடியவர்க்கு ஆட்பட்டுவிடும் திருமாலின் பொன்னடிகளை முதற்கண் வணங்கிக்கொள்வோம்.

வேழமுடி மன்னருக்குக் கீழைத்தீவு வணிகர் ஒருவர் செடி ஒன்றைக் காணிக்கையாகத் தந்தார். இன்று நாம் குரோட்டன்ஸ் என்று வளர்க்கிறோமே, அந்த இனம். பூவின் வேலையையும் இலையே பார்த்துக்கொள்ளும். பச்சையில் மஞ்சள் ஓடும்; மஞ்சளில் குங்குமம் சிதறும். எப்பருவத்திலும் பசுமை குன்றாது. ஆயினும் மென்மையான பிறவி. நந்தவனக்காரன் குழைக்காதன் அதனை அடியில் துளையிட்ட மண்தொட்டியில் நட்டு, மகிழமரத்தின் அரைநிழலில் வைத்துத் தேற்றினான்.

மன்னர் பார்த்தார், மயங்கினார்.

"இச்செடியும் யாமும் ஒரு நாழிகையும் பிரியலாகாது. இது ஆணை!"

அன்றுமுதல் தொட்டிக்கு ஓய்வில்லை. காலையில் கொலுமண்டபம், உச்சியில் உணவுக்கூடம், பிறகு பள்ளியறை. தூக்கியவர் தோள் வீங்கிற்று. செடியோ இடம் மாறுந்தோறும் இலை உதிர்த்தது.

"குழைக்காதா! எம் செடிக்கு ஏன் மொட்டையடிக்கிறாய்?"

"பிரபுவே, அதற்கு ஓரிடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும். விளக்குப் புகையில்..."

"எம் அருகைக் காட்டிலும் நல்ல இடம் ஏது? இனி ஓர் இலை உதிர்ந்தாலும் நீ நந்தவனத்தை விட்டுப் போகலாம்."

குழைக்காதனுக்கு உயிரே போய் வந்தது. அந்த நந்தவனத்துப் பூவால் ஊர்ப் பெருமாளுக்கு நாள்தோறும் மாலை கட்டிய கை அது. அவையின் விகடர் குறளப்பனிடம் ஓடினான். அவர் உருவத்தில் குள்ளர், வாயிலோ நெட்டை.

"சுவாமி, வேறு ஊரில் சோறு கிடைக்கும். இந்தப் பெருமாள் கிடைப்பாரா?"

"அழாதே அப்பா. ஆணையை மீறினால்தானே குற்றம்? இம்மியும் பிசகாமல் நிறைவேற்றுவோம். நீ செடியை அதன் பழைய இடத்திலேயே வை."

மறுநாள் மன்னர் கொலுமண்டபம் வந்தார். அரியணையைக் காணோம்!

"நந்தவனத்தில் இருக்கிறது, மன்னா" என்றார் குறளப்பன்.

மகிழமரத்தடியில் தொட்டி, அதனருகே அரியணை. மன்னர் முறைத்தார், காற்று இதமாக இருந்ததால் அமர்ந்தார். வழக்குகள் அங்கேயே நடந்தன. உணவும் அங்கேயே வந்தது. எறும்பும் உடன் உண்டது. எழ முயன்றபோதெல்லாம் குறளப்பன் கைகூப்பினார்: "செடி இங்கே இருக்கிறதே, மன்னா!" குழைக்காதன் மரத்தின் பின்னே மூச்சடக்கி நின்றான்.

அந்தி சாய்ந்தது. பணியாளர் பஞ்சணையைக் கொண்டுவந்து புல்லில் விரித்தனர். அரசர் கன்னத்தில் ஒரு கொசு அமர்ந்தது. பளார்!

"குறளப்பா! உமக்குப் பித்தா? ஒரே இடத்தில் எம்மை நட்டுவைத்து வேடிக்கை பார்க்கிறீரா?"

"சிவசிவா! செடியும் தாங்களும் பிரியலாகாது என்பது தங்கள் ஆணை. இருவரில் ஒருவர் மற்றவர் இருக்குமிடத்தில் இருந்தாக வேண்டும். அடியேன் யோசித்தேன். அதற்கு இருப்பது வேர். தங்களுக்கு இருப்பது கால். ஒரு நாளிலேயே கால் உள்ளவர் இப்படி வாடினால், வேர் உள்ளது இத்தனை நாள் ஊர்சுற்றி இலையை மட்டும் உதிர்த்ததே, அதன் பொறுமைக்கல்லவா பரிசு தரவேண்டும்!"

மன்னர் தொட்டியைப் பார்த்தார்; கன்னத்தைத் தடவினார்; மகிழமரம் அதிரச் சிரித்தார். தம் பட்டு உத்தரீயத்தைக் குறளப்பன் தோளில் போர்த்தினார். அது அவர் கால்வரை தொங்கித் தரையைப் பெருக்கிற்று.

"குழைக்காதா, வெளியே வா. செடி இங்கேயே இருக்கட்டும்; நீயும் இங்கேயே இரு. யாமே நாள்தோறும் வந்து பார்க்கிறோம். பஞ்சணையை மட்டும் உடனே உள்ளே எடுக்கச் சொல்!"

இக்கதை கேட்டோரும் படித்தோரும் தமக்குரிய நிலத்தில் வேரூன்றி, வெயிலும் நிழலும் அளவோடு பெற்று, வாடாது வாழ்வாராக.