கல்லுக்குப் பின்னால் ஒரு கட்டை

முன்னொரு காலத்தில் ஆற்றங்கரையில் ஒரு பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. விமானம் முடிந்தாயிற்று, உச்சியில் வைக்க வேண்டிய பெருங்கல் மட்டும் பாக்கி. அதை ஏற்றுவதற்காக வயல்வெளியிலிருந்து உச்சிவரை மண்ணைக் கொட்டிச் சாய்வாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். மழைக்காலம் நெருங்கிவிட்டது. மண் கரைவதற்குள் கல் ஏறியாக வேண்டும்.

கல்லை இழுத்தது வடம். கல்லுக்கு அடியில் உருண்டவை மர உருளைகள். பின்னால் போனது ஒரு புளியங்கட்டை. இழுக்கிற ஆட்கள் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் சேந்தன் என்பவன் ஓடிவந்து அதைக் கல்லுக்குப் பின்புறம் செருகுவான். கல் சரியாமல் நிற்கும். மறுபடி இழுக்கும்போது கட்டையை உருவிக்கொண்டு பின்னாலேயே நடப்பான். அதன் வேலை அவ்வளவுதான்.

வடத்துக்கு அதைக் கண்டாலே ஆகாது. பூசை போட்டு, மஞ்சள் தடவி, யானை பூட்டிய வடம் அல்லவா, அதற்குத் தலைகால் புரியவில்லை. கட்டை போடுவதற்காக நின்ற நேரத்தில் கல் உச்சிக்கே போயிருக்கும் என்று உருளைகளிடம் ஓயாமல் குறை சொன்னது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டது.

"ஒரு விரற்கடையாவது நீ கல்லை முன்னால நகத்தியிருக்கியா? தடுக்கிறதைத் தவிர வேற என்ன தெரியும் உனக்கு?"

கட்டைக்குச் சுருக்கென்றது. "இழுக்கத் தெரியாது வடத்தண்ணே. நீங்க ஏத்தினதை இறங்கவிடாம இருக்கத் தெரியும்," என்றது.

உருளைகள் சிரித்தன. யார் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடுகிற பிறவிகள், அவற்றுக்கு எல்லாமே சிரிப்புதான்.

கல் பாதித் தூரம் ஏறியிருந்தது. மேற்கே மேகம் கறுத்ததைப் பார்த்தார் கண்காணி ஆச்சன். இனி நிற்க வேண்டாம், ஒரே மூச்சில் இழுத்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டார். சேந்தனையும் வடம் பிடிக்கச் சொன்னார். அவன் தயங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தான்; அபசகுனமாகப் பேசாதே என்று அடக்கிவிட்டார். கட்டை பாதையோரம் கிடந்தது.

நாலு எட்டு போவதற்குள் தூறல் விழுந்தது. மண் வழுக்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அன்று நிஜமாகவே சறுக்கியது. யானை மண்டியிட, அத்தனை பாரமும் வடத்தின்மேல் விழுந்து ஒரு புரி அறுந்தது. கல் பின்னால் நகர்ந்தது. உருளைகள் வந்த வழியே உருண்டன. தண்ணீர்க்குடத்தோடு கீழிருந்து ஏறிவந்த பெண்கள் கல்லுக்கு நேர் பாதையில் இருந்தார்கள்.

சேந்தன் வடத்தை விட்டுப் பாய்ந்து, கட்டையை இரு கையாலும் தூக்கிக் கல்லுக்குப் பின்னால் எறிந்தான்.

கட்டைக்குப் பயமாக இருந்தது. இதுவரை நிற்கிற கல்லைத்தான் அது தாங்கியிருக்கிறது. வருகிற கல்லைத் தாங்கியதில்லை.

"விலகிக்கோ. உன்னால ஆகாது," என்றது கல். அதன் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"ஆகாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா இது இத்தனை பேர் உயிரைக் கொடுத்து ஏறின இடம். இதை நான் விட்டுத்தர மாட்டேன்."

மளுக்கென்று கட்டை நடுவில் பிளந்தது. பிளந்தபடியே மண்ணைக் கவ்விக்கொண்டது. கல் அதன்மேல் பாதி ஏறி, நின்றது.

மழை விட்டது. ஆச்சன் வெளுத்த முகத்தோடு வந்து, வடத்தைப் பிடிக்கச் சொன்னார். ஒரு கையும் நீளவில்லை.

"சேந்தன் கட்டையோட பின்னால நிக்கட்டும் ஐயா. அப்பத்தான் தொடுவோம்," என்றான் முன்வரிசையில் நின்ற வேம்பன்.

ஆச்சன் பாறைத்துண்டுகளைக் கல்லுக்கு முட்டாகக் கொடுத்துக் கட்டையை வெளியே எடுக்கச் செய்தார். வடத்திலிருந்து அறுந்து தொங்கிய புரியை அவரே வெட்டி எடுத்து, பிளந்த கட்டையைச் சேர்த்துவைத்துச் சுற்றத் தொடங்கினார்.

சுற்றுக்குச் சுற்று புரி இறுகியது. வடத்துக்கு மனசு தாங்கவில்லை. "வலிக்குதா?" என்று மெல்லக் கேட்டது.

"இன்னும் இறுக்கிக் கட்டுங்கண்ணே," என்றது கட்டை. "பாதி ஏத்தம் பாக்கி இருக்கு."