எல்லாருக்கும் அடித்த மணி

"புகார் டிக்கெட்டை யாருமே திறந்து பாக்கறதில்ல, மேடம்," என்றார் துரைக்கண்ணு. "புகார் பதிவாகற டிராக்கரை நம்ம சாட் குரூப்போட இணைச்சுடவா? புகார் வந்ததும் எல்லார் போனும் அடிக்கும்."

டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி அது. எழிலரசி குழுத் தலைவி. எல்லாரும் அவரை குரு என்பார்கள், பாதி கிண்டல், பாதி மரியாதை. துரைக்கண்ணு வயதில் அவரைவிடப் பெரிய சீடர்.

"இணைங்க சார்," என்றார் குரு.

இணைத்தார்.

புகார் வந்தால் போன்கள் அடித்தன. புகாரில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அடித்தன. முதலில் எல்லாரும் பதறினார்கள். பிறகு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கட்டைவிரலைத் தட்டினால் புகார் தீர்ந்துவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ.

ஒரு வியாழக்கிழமை, திண்டுக்கல் மையத்தில் சவரியம்மாள் என்ற நோயாளியின் பெயர் திரையில் வரவில்லை. பெயர் வராமல் படுக்கை தரமாட்டார்கள்.

புகார் வந்தது. போன்கள் அடித்தன. கட்டைவிரல்கள் குவிந்தன.

துரைக்கண்ணு கொதித்துப்போய் குருவிடம் வந்தார்.

"காலையிலேர்ந்து அந்தம்மா உக்காந்திருக்காங்க. மதியத்துக்குள்ள பேர் வரலைன்னா பெட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒருத்தரும் அசையல."

குரு அவருடைய போனை வாங்கிப் பார்த்தார்.

"இந்த முதல் கட்டைவிரல் யாரோடது?"

அவருடையதுதான். துரைக்கண்ணு கூசிப்போனார்.

"இணைப்பைப் பிடுங்கிடுங்க சார். நான் அந்த குரூப்பை என்னிக்கோ மியூட் பண்ணிட்டேன்."

அதைக் கேட்டதும் துரைக்கண்ணுவுக்கு வெட்கம் போய்க் கோபம் வந்தது.

"பிடுங்க மாட்டேன்."

"சொல்றது நான்."

"யார் சொன்னாலும் மாட்டேன்."

துரைக்கண்ணு அங்கேயே உட்கார்ந்து டிராக்கரின் செட்டிங்கைத் திறந்தார். குரூப் என்று இருந்ததை அழித்தார். அந்த இடத்தில் ஒரே ஒரு பெயரை எழுதினார்.

ஒரு போன் மட்டும் அடித்தது.

குரு எடுத்துப் பார்த்தார். திண்டுக்கல். சவரியம்மாள். பொறுப்பு: எழிலரசி.

"என் பேரை யார் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"உங்க பேரைப் போட்டிருக்கலாமே?"

"அந்தத் திரைக்கு புரோகிராம் எழுதினது நீங்க."

போன் மறுபடியும் அடித்தது.

"இதை மியூட் பண்ண முடியாதா?"

"முடியாது. வேலை முடிஞ்சாத்தான் நிக்கும்."

குரு லேப்டாப்பை இழுத்துத் திறந்தார்.

"மையத்துக்குப் போன் போடுங்க சார். அந்தம்மாவை எழுந்து போயிட வேண்டாம்னு சொல்லுங்க."